நோவும் நெஞ்சும்: கரையில் நின்றார் மொழியும் நீரில் வீழ்ந்தார் மொழியும்

தைத் திங்கள் பிறந்தால் செட்டிநாட்டுக் குன்றக்குடியின் மலையடியிற் காவடிகள் வந்து கூடும். ஆங்கு நின்றும் நகரத்தாரும் பிற அன்பரும் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் காலால் நடந்தே கடப்பர். இரண்டொரு நாளில் உள்ளங்கால் கொப்புளிக்கும், முழங்கால் கனக்கும். இவர்களைக் கண்டு வழியோரத்து நிற்பார், "பக்தி உள்ளவனுக்கு வலி தெரியாது, வலியெல்லாம் மனத்தில்தான் இருக்கிறது" என வியந்து கூறுதல் வழக்கம். நடப்பாரைப் புகழ எழுந்த இம்மொழி, நாளடைவில் நோயிற் கிடப்பாரை நோக்கியும் சொல்லப்படுவதாயிற்று. முடக்குவாதத்தால் எழமாட்டாது கிடக்கும் மூதாட்டியை அடுத்து, "மனத்தைத் திடம் பண்ணிக்கொள்ளுங்கள் ஆச்சி, எல்லாம் மனந்தான்" என்பார் பலர். அது கேட்ட ஆச்சி, அதுவரை வலியொன்றையே சுமந்தவர், அதன்மேல் நாணத்தையும் சுமக்கின்றார். தம் அன்பு குறையுடையது போலும், அதனாற்றான் நோவு தணியவில்லை போலும் என நினைந்து வாய்விட்டு அழுதற்கும் அஞ்சுகின்றார். இம்மொழி சைவ நூல்களுக்கு உடன்பாடாமோ என்பது ஆராயத் தக்கது.

இவ்வாறு கூறுவார் தம் கூற்றுக்குச் சான்றாக முதற்கண் காட்டுவது கணியன் பூங்குன்றனார் பாட்டு. புறநானூற்றில் 192ஆம் பாட்டாக நிற்கும் அது செட்டிநாட்டுக்கு உரிமையுடையது. பூங்குன்றம் என்பது திருப்பத்தூரை அடுத்த மகிபாலன்பட்டியின் பழம்பெயர் என்பது அறிஞர் துணிபு. ஒருவன் நோதலும் அந்நோவு தணிதலும் பிறர் தர வருவன அல்ல என அப்பாட்டுக் கூறுதலின், அவை அவனவன் மனம் தர வருவனவே என்று இவர்கள் முடிபு கொள்வர். இம்முடிபு பாட்டிற் பெறப்படுவதன்று. பிறர் தாரார் என்றால் மனந்தான் தரும் என்பது எவ்வாறு பெறப்படும்? பூங்குன்றனார் அடுத்துக் காட்டும் உவமையை நோக்குக. மழைநீர் பெருகிக் கல்லில் மோதி ஒலிக்கும் பேரியாற்றில், நீர் செல்லும் வழியே செல்லும் புணையாக உயிரை அவர் காட்டுகின்றார். புணை தன்னைத் தானே செலுத்துவதன்று. ஆகவே நோவு முறைவழி வருவது என்பதே அவர் கருத்து. நெஞ்சு புனைந்து கொள்வது என்பதன்று. அன்றியும், அவர் பாட்டை முடிக்குமிடத்துப் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்னும் பொருள்பட முடிக்கின்றார். நோவுக்கு ஆற்றாது அழுவாரை இகழ்தற்கு இப்பாட்டையே கருவியாக்குவது, அதன் முடிபை விட்டுத் தொடக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு செய்யும் பிழையாம்.

இனி, அவர் காட்டும் இரண்டாவது சான்று திருநாவுக்கரசு சுவாமிகளின் சூலை. அதிகைப் பெருமானைப் பாடிய அளவில் நோய் நீங்கிற்றாகலின், நெஞ்சு திரும்பினால் உடல் நோவு இல்லையாய்விடும் என்பது அவர் வாதம். வரலாறு அன்பர்கள் அறிந்ததே. ஆயினும் நான்காந் திருமுறையின் முதலில் நிற்கும் அப்பதிகத்தைச் சேக்கிழார் தந்த வரலாற்றினின்றும் சற்றே வேறு வைத்து, பதிகம் தானே யாது கூறுகின்றது என நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குவார் அரிதாயினர்.

பதிகத்தின் பத்துப் பாட்டினுள்ளும் நோய் தீர்ந்தது என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. முதற்பாட்டில், வெளியே தோன்றாமல் வயிற்றினுள்ளே குடரைப் பிணித்து முடக்குகின்றது, அடியேன் பொறுக்கமாட்டேன் என்கின்றார். பின்வரும் பாட்டுக்களில் அயர்ந்தமையும் அலுத்தமையும் கூறுகின்றார். பத்தாம் பாட்டிலும் வியர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தும் படுகின்ற வேதனையை விலக்கவேண்டும் என்றே இரக்கின்றார். நோவை வென்ற ஒருவரது பாட்டு இங்ஙனம் இராது. நோவினுள் நின்று முறையிடும் ஒருவரது பாட்டே இது. நோய் நீங்கிய செய்தியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழாரிடத்தே பெறுகின்றோம். அதனைப் பெறுதலில் தடையில்லை. ஆயினும் நீங்குதற்கு முன் வாகீசர் நெஞ்சு எந்நிலையில் இருந்தது என்பதற்கு முதற்சான்று பதிகமே. அது திடம் பண்ணிக்கொண்ட நெஞ்சாகக் காணப்படவில்லை.

திடம் பண்ணிக்கொள்ளுதலை வாகீசர் முன்னரே நன்கு கற்றவர் என்பதையும் மறத்தலாகாது. தருமசேனராய்ச் சமணர் தலைமையில் இருந்த காலத்து அவர் பயின்ற நெறி பொறுத்தலையே தவமாகக் கொண்டது. அச்சமயத்தார் கூறும் பரீஷகங்கள் இருபத்திரண்டனுள் பிணி பொறுத்தலும் ஒன்று. அங்ஙனம் பயின்ற ஒருவர்க்கே சூலை பொறுக்கலாகாததாயிற்று. சமணர் மந்திரித்த நீரைக் கொடுத்தும் மயிற்பீலியால் தடவியும் பயன் காணாது கைவிட்டமை சேக்கிழார் வாக்கிற் காணலாம். சேக்கிழார் சமணரைப் பற்றிக் கூறுமிடத்துச் சமயப் பூசலின் வெம்மை கலந்திருத்தல் உண்மையே. அதனை நீக்கி நோக்கினும் ஒன்று எஞ்சி நிற்கும். தருமசேனர் தம் நெஞ்சின் வலியொன்றையே சார்ந்து நின்ற காலத்து நோவு தணிந்திலது. அட்டிற்றொழில் செய்வானைத் தமக்கையாரிடம் விடுத்து, இரவில் வெள்ளாடை உடுத்துத் திருவதிகைக்கு வந்து திலகவதியார் திருவடியில் வீழ்ந்த பின்னரே வழி பிறந்தது. அவ்வம்மையார் "பொறுத்துக்கொள்" என்று கூறியதாகச் சேக்கிழார் பாடவில்லை. திருநீற்றை அளித்தார், பள்ளியெழுச்சிப் பொழுதில் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார்.

பதிகத்தின் இரண்டாம் பாட்டு மிக நுண்ணியது. நெஞ்சத்தைப் பெருமானுக்கே இடமாக வைத்தமையை முதலிற் கூறிவிட்டு, அதன்பின் நஞ்சு போல் வந்து நலியும் நோயைத் துரத்துகின்றிலீர் எனக் குறையிரக்கின்றார். நெஞ்சு இறைவனுக்கு இடமாகிவிட்டது. நோயோ அப்படியே உளது! இவ்விரண்டும் ஒரே காலத்து ஓரிடத்து நிற்றல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நோவு நீங்காமை அன்பின்மைக்கு அடையாளம் என்பார் இப்பாட்டின் முன் வாய் திறத்தல் அரிது. இனி அப்பாட்டின் இறுதியில், அஞ்சாதே என்றேனும் சொல்லுகின்றிலீரே எனப் பெருமானை நோகின்றார். நோயைத் துரத்துதல் ஒன்று. அஞ்சாதே என்னும் சொல் மற்றொன்று. வாகீசர் இரண்டையும் தனித்தனியே வேண்டுதலின், உடல் நோவும் அந்நோவு பற்றி எழும் அச்சமும் வேறு என்பதும், ஒன்று நீங்காத போதும் மற்றொன்று நீங்குதல் கூடும் என்பதும் பெறப்படும்.

ஐந்தாம் பாட்டில் வரும் உவமையே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. காப்பவரது காவலை இகழ்ந்தமையால், கரையில் நின்றார் நீயே கண்டுகொள் என்று சொல்லி ஆழ்ந்த கயத்தில் தள்ளிவிட, நிலைகொள்ளும் துறை அறியாது தவிப்பவராகத் தம்மைக் காட்டுகின்றார். பூங்குன்றனாரும் நீரையே உவமித்தார்; வாகீசரும் நீரையே உவமிக்கின்றார். முன்னவர் புணை செல்லும் முறையைக் கண்டு கூறுகின்றார். அஃது அறிவுடையோர் காட்சி. பின்னவர் நீரினுள் வீழ்ந்து காலுக்கு நிலை தேடுகின்றார். முன்னது பொய்யன்று, ஆயின் அது கரையிலிருந்து காணத்தக்க உண்மை. மூழ்குவானை நோக்கி யாற்றின் இயல்பை விரித்துரைத்தலால் அவன் கரையேறான். "எல்லாம் மனந்தான்" என்பார் தாம் கரையில் நிற்றலை மறந்தனர்.

பத்தாம் பாட்டிற் கயிலையின் கீழ் நெரிந்த இராவணன் செய்தி வருதல் நாவுக்கரசர் பதிகங்களில் இயல்பாக நிகழ்வதே என்று கடந்து செல்வாருளர். இப்பதிகத்தில் அது வெறும் மரபாக நிற்கவில்லை. இராவணன் மலையின்கீழ் உடல் நெரிந்து கதறியவன், அக்கதறலே இசையாயிற்று, அவ்விசைக்கு இறைவன் இரங்கினன். வயிற்று நோவால் புரளும் ஒருவர் அவனை நினைந்து, அவனுக்கு அருளியதை எண்ணிப் பாரீரோ என வினவுவது பொருத்தம் உடைத்து. இன்னும் ஒன்று: சூலை என்னும் நோய்ப்பெயர் குத்துதலாகிய சூலத்தின் வழி வந்தது. குத்தும் நோயை நீக்கச் சூலம் ஏந்தியவனிடமே செல்லுதலில் உள்ள நயத்தைப் பதிகம் எடுத்துரையாது விடினும் கற்பார் உள்ளம் உணராது போகாது.

இனிச் சித்தாந்தம் இதற்குக் கூறும் இலக்கணம் யாது? மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில் உயிரின் உண்மையை நாட்டுமிடத்து, எனது உடல் என வேறுபடுத்துக் கூறும் வழக்கையும், உறக்கத்தில் நுகர்ச்சி நிகழாமையையும் ஏதுவாகக் காட்டினார். என் தலை நோகின்றது என்பவன் தலையாகான். அதனை உடையவனும் அறிபவனும் ஆவன். நான்காஞ் சூத்திரத்தில் உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரோடு கூடினாற்போல அவற்றோடு கூடி நிற்கும் என்றும் கூறினார். இவ்வுவமையை நோவின்கண் வைத்துப் பார்க்க. எல்லையில் நிகழ்ந்ததை அரசன் அமைச்சர் வாயிலாகவே அறிகின்றான். அமைச்சர் செய்தியைப் பெருக்கியும் சுருக்கியும் கூறுதல் கூடும். காலம் தாழ்த்தும் கூறலாம். அது பற்றி எல்லையிற் பகைவர் புகுந்ததே பொய் என்று கூறுதல் பேதைமை. உடலும் மாயை; மனமும் மாயை; இரண்டும் மெய்ப்பொருளே. ஆகலின் உடல் நோவும் மெய், மனத்தால் அது மிகுதலும் குறைதலும் மெய். உயிரோ பளிங்கு போலச் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. அது நோவுடைய உடலையே சார்ந்து நிற்குங்கால் நோவேயாய் நிற்கும். திருவருளைச் சார்ந்து நிற்குங்கால் நோவை உடலின்கண் வைத்து அறியும். உயிர் தன் வலிமையால் இதனைச் செய்துகொள்ளாது, சார்பினாலேயே செய்யும். திடம் பண்ணிக்கொள் என்பதற்கும் சார்ந்து நில் என்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

காரைக்குடியை அடுத்த கோவிலூர் வேதாந்த மடத்து மரபினரையும் "எல்லாம் மனந்தான்" என்பாரோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் முறையன்று. உலகத்தின் உண்மை பற்றி அவர்க்கும் சித்தாந்திகட்கும் உள்ள மாறுபாடு பெரிது. ஆயினும் ஞானிக்கும் பிராரத்தம் உடல் உள்ளளவும் நுகர்ந்தே கழிவது என்பதை அவரும் உடன்படுவர். எனவே இக்கூற்று வேதாந்தமும் அன்று, சித்தாந்தமும் அன்று. செவிவழி வந்த அரைகுறை மொழி.

புறத்து ஆராய்ச்சியாளர் முடிபுகளும் இங்கு நோக்கத்தக்கன. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய முனையிற் பெருங்காயமுற்ற வீரரை ஆராய்ந்த ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், அவருள் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்து வேண்டும் அளவிற்கு வலியுற்றிலர் என 1946இல் எழுதினார். உயிரோடு போர்க்களம் நீங்கினோம் என்னும் உணர்ச்சியே இதற்குக் காரணமாதல் கூடும் என்பது அவர் கருத்து. 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர், தண்டுவடத்தில் நோவுச் செய்தியைத் திறந்தும் அடைத்தும் விடும் ஒரு வாயில் உண்டு என்றும், மூளையினின்று இறங்கும் செய்திகளும் அவ்வாயிலை ஆளும் என்றும் கொள்கை வகுத்தனர். பின்வந்தோர் அதன் பகுதிகள் சிலவற்றைத் திருத்தினர். மூளை நோவை ஆளும் என்னும் பகுதி நிலைபெற்றது. 1978இல், பல் பிடுங்கப் பெற்றோர்க்கு மருந்தென்று கூறி வெற்றுப்பொருளைக் கொடுக்க நோவு தணிந்ததும், உடலில் ஊறும் அபினி போன்ற பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் என்னும் மருந்தை ஏற்றியவுடன் அத்தணிவு குறைந்ததும் காணப்பட்டன. நம்பிக்கையால் வந்த தணிவும் உடலின்கண் நிகழும் செயலே என்பது இதனால் தெளிவாம்.

2008இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை சைவர்க்கு இன்னும் அணிமையானது. கத்தோலிக்க அன்பர் பன்னிருவர்க்கும் சமயப் பற்றில்லாதார் பன்னிருவர்க்கும் மின்னதிர்ச்சி ஊட்டி, கன்னிமரியின் படம் ஒன்றையும் லியனார்டோ தீட்டிய பெண்ணின் படம் ஒன்றையும் காட்டினர். மரியின் படத்தை நோக்கியபோது அன்பர்க்கு நோவு குறைந்தது. ஏனையோர்க்கு அவ்வேறுபாடு இல்லை. படம் ஒன்றே, சார்பு உடையார்க்கே தணிவு. இதனால் திருவருள் மெய்ப்பிக்கப்பட்டது என்று மகிழ்தலும், திருவருள் மூளையின் ஒரு மூலைக்குள் அடங்கிற்று என்று இகழ்தலும் ஒருங்கே தவறு. அச்சோதனை அவ்வினாவை எழுப்பவே இல்லை. மெய்கண்டார் இவற்றை முன்னரே கூறிவிட்டார் எனப் பறைசாற்றுவாரும் உளர். அமைச்சர் உவமை தண்டுவட வாயிலைக் கருதியதன்று. நூலுக்குப் பெருமை தேட இத்தகைய துணை வேண்டா.

தைப்பூசக் காவடி மொரீசியசுத் தீவுத் தமிழரிடத்தும் உண்டு. ஆங்கு அலகு குத்திக் காவடி எடுப்பாரைச் சிகலாத்தாசு என்பவரும் உடனுழைப்போரும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். பிணியுடையாரும் வறியாரும் மிகுதியான நோவுடைய வழிபாட்டை மேற்கொண்டமையும், அதனால் அவர் உடற்குக் கேடு காணப்படாமையும், கடுமையாக வழிபட்டார் தம் நலம் பெருகிற்றெனக் கூறினமையும் அதிற் காணப்படும். அவர் வலியை அறியாதார் அல்லர் என்பது கருதத்தக்கது. பழநிக்கு நடக்கும் செட்டிநாட்டு அன்பரும் தங்குமிடந்தோறும் காலுக்கு எண்ணெய் தடவுகின்றனர், கொப்புளத்திற்கு மருந்திடுகின்றனர். வலி மனத்தின் புனைவே எனின் எண்ணெய் எதற்கு?

மருந்து கொள்ளுதல் வினைக்கொள்கைக்கு மாறாமோ என ஐயுறுவார்க்குத் திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூரில் அருளிய திருநீலகண்டப் பதிகம் விடையாகும். அடியார்களைப் பனிநோய் பற்றியபோது, அந்த வினைக்கு இது பயன் என்று சொல்லிக்கொண்டே வாளா இருத்தலை அவர் ஏற்றிலர். கைத்தொண்டு செய்து கழல் போற்றுதலையும், சோலை வைத்தலையும் குளம் தோண்டுதலையும் அப்பதிகம் பேசுகின்றது. செயலை விலக்கிய பத்தி அதில் இல்லை. செட்டிநாட்டார் ஊர்தோறும் ஊருணி எடுத்தவர். இதனை அவர்க்கு எடுத்துரைத்தல் மிகை. நோவு பற்றிய பன்னாட்டு ஆராய்ச்சிச் சங்கமும் 2020இல் திருத்திய தன் விளக்கத்தில், நோவு உடலுணர்ச்சியும் உள்ளவுணர்ச்சியும் சேர்ந்த நுகர்ச்சி என்று வரையறுத்து, ஒருவர் நோகின்றது என்று கூறின் அச்சொல்லை மதித்தல் வேண்டும் என்றும் குறித்தது. ஆச்சியின் சொல்லை மதியாதார் இதனைக் கருதுவாராக.

இங்ஙனமாயின், யார்க்கும் குடியல்லேம் என்னும் கருத்தமைய, பிணியென்பதே அறியேம் எனப் பின்னர் ஆறாந் திருமுறையில் அந்நாவுக்கரசரே பாடினாரன்றோ எனின், பாடினார். அது பல்லவன் ஆணைக்கு எதிரே நின்று பாடியது. அதிகையில் பொறுக்கமாட்டேன் என்று கதறியவரே அங்குப் பிணியறியேம் என்கின்றார். முன்னது இன்றிப் பின்னது இல்லை. சூலை வாராதிருந்தால் இவ்வாழ்வு வாராது, இந்நோய்க்கு யாது கைம்மாறு செய்வேன் என அவர் நினைந்ததாகச் சேக்கிழார் பாடுதலும் நோய் நீங்கிய பின்னரே. நோயினுள் இருப்பாரை நோக்கி அந்நன்றியை இப்போதே செலுத்துக எனக் கட்டளையிட யார்க்கும் உரிமையில்லை.

மகிபாலன்பட்டிக்குப் பூங்குன்றனாரால் உள்ள பெருமையோடு மற்றொரு பெருமையும் உண்டு. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1881இல் அவ்வூரிற் பிறந்தவர். இளமையிலேயே வாதநோயாற் கால் நலங்குன்றி, ஊன்றுகோலின் துணையால் நடந்தவர். மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபையைக் கண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து, 1953இல் மறைந்தார். திருவாசகம் முழுமைக்கும் அவர் உரை காணவில்லை. அவர் கதிர்மணி விளக்கம் எழுதிய பகுதிகளுள் நீத்தல் விண்ணப்பமும் ஒன்று. உத்தரகோசமங்கையை நோக்கிய அவ்வைம்பது பாட்டிலும் மீண்டும் மீண்டும் வருவது, விட்டுவிடாதே என்னும் முறையீடு. துன்பத்தை நீக்குக என்பதினும் துணை நீங்கற்க என்பதே அதில் ஓங்கி ஒலிக்கின்றது. வாகீசர் அதிகையில் தனித்து வேண்டிய அஞ்சாதே என்னும் சொல்லும் இவ்வினத்ததே.

இதனைச் சுந்தரர் வரலாற்றில் இன்னும் வெளிப்படக் காணலாம். திருவொற்றியூரிற் கண்ணிழந்து திருவெண்பாக்கம் சென்ற அவர்க்கு இறைவன் கண்ணைத் தந்திலன். ஓர் ஊன்றுகோலைத் தந்தான். யாம் இங்கு உளேம், நீர் போகலாம் என்றான். அவ்விடையால் சுந்தரர் மகிழ்ந்தார் அல்லர். ஏழாந் திருமுறையிலுள்ள அப்பதிகம் முழுதும் மனத்தாங்கலே நிரம்பியுள்ளது. அத்தாங்கலைத் தொகுத்தோர் மறைக்கவுமில்லை, திருமுறையினின்று விலக்கவுமில்லை. அக்கோலை ஊன்றியே அவர் காஞ்சி சென்று இடக்கண் பெற்றார். வலக்கண் பெற்றது திருவாரூரில். அதுவரையும் வழி முழுதும் நடந்தே சென்றார்.